பித்த உப்பு போடாத குழாய்

நசீமாவிடம் ஆய்வு செய்ய வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் சிவசைலம் ஒருவர்தான்.

நசீமாவுக்கு முப்பத்தெட்டு வயது. மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆய்வு மையத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியர். சிவசைலத்துக்கு நாற்பத்தேழு. ஒரு தனியார் கல்லூரியில் பத்தொன்பது வருடமாக அதே பாடத்தை நடத்தி வந்தவர். ஐந்து வருடத்துக்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்கள் இனி வகுப்புக்குள் போக முடியாது என்று கல்லூரி சொல்லிவிட்டதால் வந்தார்.

முதல் நாள் நசீமா கேட்டார்.

"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

"பேர் சொல்லியே கூப்பிடுங்க மேடம். நான் மாணவன்தானே."

"வயசுல பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. சார்னே கூப்பிடுறேன். ஆனா தப்புப் பண்ணினா பெரியவர்னு பார்க்க மாட்டேன்."

சிவசைலம் சிரித்தார். நசீமா சிரிக்கவில்லை.

சிவசைலத்துக்குக் கிடைத்த ஆய்வு வேலை இது. நாம் சாப்பிடும் கொழுப்பைக் கரைக்க ஈரல் பித்த உப்பைச் சுரக்கிறது. குடலில் வாழும் சில நல்ல பாக்டீரியாக்கள் அந்த உப்பை இரண்டாக வெட்டிவிடும். வெட்டுப்பட்ட உப்பு உடம்புக்குத் திரும்பாமல் வெளியே போகும். அதை ஈடுகட்ட ஈரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய உப்பு செய்யும். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறையும். வெட்டுகிற கத்தி ஒரு நொதி. பாக்டீரியாவை உடைத்து, அதற்குள் இருக்கும் ஆயிரம் சரக்குகளிலிருந்து அந்த ஒரு நொதியை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். அதன் எடை, அது எந்தச் சூட்டில் வேலை செய்யும், எந்தப் புளிப்பில் வேலை செய்யும் என்றெல்லாம் அளந்து எழுத வேண்டும்.

பாக்டீரியா கிடைத்தது ஆய்வகத்தின் உதவியாளர் லூர்து மூலமாக. அவருடைய மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் வேண்டும் என்று நசீமா கேட்டபோது லூர்து முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார்.

அதிலிருந்து எடுத்த நாற்பது பாக்டீரியாக்களில் பதினேழாவது பித்த உப்பை நன்றாக வெட்டியது. தட்டில் வளர்த்தால் அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் விழுந்தது. லூர்துக்கு அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"நம்ம சார் படிக்குதாருல்லா, அது எம்பேத்தி பீயில இருந்து எடுத்தது."

மூன்று வருடம் சிவசைலம் உழைத்தார். வாரத்தில் மூன்று நாள் கல்லூரி, மூன்று நாள் ஆய்வகம். ஆலங்குளம் பஸ்ஸில் வருவார், ஆலங்குளம் பஸ்ஸில் போவார். நொதி கைக்கு வருவதும் காணாமல் போவதுமாக இருந்தது.

நான்காவது வருடம், ஒரு ஏப்ரல் மாதப் பிற்பகலில், அது கிடைத்தது.

நொதி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நொதியையும் பித்த உப்பையும் ஒரு குழாயில் சேர்த்து வைத்து, பிறகு நின்ஹைட்ரின் என்ற மருந்தை ஊற்றிக் கொதிநீரில் வைப்பார்கள். உப்பு வெட்டுப்பட்டிருந்தால் குழாய் ஊதா நிறமாகும். அன்று சிவசைலத்தின் குழாய் நாவல்பழம் போல் ஆனது.

கணக்குப் போட்டார். பாக்டீரியாவை உடைத்தபோது இருந்ததைவிட நூற்று நாற்பது மடங்கு சுத்தம். மறுநாள், சரக்குகளைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் ஒரே ஒரு கோடு. வேறு சரக்கு எதுவும் இல்லை.

நோட்டைத் தூக்கிக்கொண்டு நசீமாவின் அறைக்குப் போனார்.

நசீமா பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"பிளாங்க் வச்சீங்களா சார்?"

பிளாங்க் என்பது பித்த உப்பு போடாமல் நொதியை மட்டும் வைக்கும் குழாய். வெட்டுவதற்கு எதுவும் இல்லாததால் அதில் நிறம் வரக் கூடாது. வந்தால் அந்த நிறத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

"பார்த்துட்டேன் மேடம்."

நசீமா கையெழுத்துப் போட்டார்.

சிவசைலம் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. பிளாங்கை அவர் பார்த்திருந்தார். இரண்டு மாதம் முன்பு, வேறொரு முறை நொதி எடுத்தபோது. அந்த எண்ணையே இந்தக் கணக்கிலும் கழித்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அதே எண்தான் வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை மட்டும் ஏன் மாறப்போகிறது?

கட்டுரை வெளியானது. பக்கத்து ஊரில் இதய மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டர் அதைப் படித்துவிட்டு நேரில் வந்தார். இவ்வளவு வேகமாக வெட்டும் நொதி உள்ள பாக்டீரியாவைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ள பதினாறு பேரைச் சேர்த்து, அவர்கள் சாப்பிடும் மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திவைத்து, பிறகு இந்தப் பாக்டீரியாவைப் பொடியாக்கிக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. அனுமதிகள் வாங்க ஏழு மாதம் ஆயிற்று.

இதற்குள் சிவசைலத்தின் தீசிஸில் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி இருந்தது. எந்தச் சூட்டில் நொதி சாகும் என்று பார்க்க வேண்டும். ஏப்ரலில் எடுத்த நொதியைச் சிறு சிறு குப்பிகளில் உறையவைத்திருந்தார். ஒரு குப்பியை எடுத்து உருக்கினார்.

நாற்பது டிகிரியில் சுடவைத்தார். ஊதா.

அறுபதில் சுடவைத்தார். ஊதா.

தொண்ணூறில் பத்து நிமிடம் வைத்தார். ஊதா, கொஞ்சமும் குறையாமல்.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. தொண்ணூறு டிகிரியைத் தாங்கும் நொதி! இப்படி ஒன்றை யாரும் எழுதியதில்லை. இது இன்னொரு கட்டுரை. நாற்காலியில் உட்கார்ந்து அதன் தலைப்பைக்கூட யோசித்தார்.

பிறகு அவருக்குத் தன் கல்லூரி மாணவர்களுக்குத் தானே நடத்தும் பாடம் ஞாபகம் வந்தது. கொதிக்கவைத்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாது என்று சொல்வார். நொதியும் அப்படித்தான் என்பார்.

எழுந்தார். ஒரு குழாயில் நொதியை மட்டும் ஊற்றினார். பித்த உப்பு போடவில்லை. நின்ஹைட்ரினை ஊற்றிக் கொதிநீரில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

பதினைந்து நிமிடம் கழித்து எடுத்தார்.

நாவல்பழம்.

எங்கே தவறினோம் என்று தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது அவருக்கு உடனே தெரிந்தது. ஏப்ரலில் கடைசிக் கட்டத்தில் நொதிக் கரைசல் அதிகத் தண்ணீராக இருந்தது. அதை இறுக்க அம்மோனியம் சல்பேட் போட்டார். அதைப் போட்டால் நொதி திரளும். பிறகு அந்தச் சல்பேட்டைக் கழுவி எடுக்க வேண்டும். மெல்லிய சவ்வுப் பையில் நொதியைக் கட்டி, பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். அன்றைக்கு அவருக்குக் கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. ஒரு தடவை மாற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டார். மறுநாள் வந்து பையைப் பிரித்துவிட்டார்.

அம்மோனியத்துக்கும் நின்ஹைட்ரின் ஊதா நிறம் காட்டும். அதுவும் அவர் வகுப்பில் நடத்துகிற பாடம்தான்.

சல்பேட்டை மட்டும் தண்ணீரில் கரைத்து இன்னொரு குழாய் வைத்துப் பார்த்தார். அதே நிறம்.

அப்படியானால் ஜெல்லில் தெரிந்த ஒரு கோடு? நொதி அங்கே இருந்தது. ஆனால் செத்துப்போய் இருந்தது. செத்த நொதிக்கும் ஜெல்லில் கோடு விழும்.

எல்லாக் குழாய்களையும் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கழுவினார். யாரும் பார்க்கவில்லை.

*

தீசிஸ் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று செவ்வாய்.

புதன்கிழமை அவர் ஆய்வகத்துக்கு வந்து வெறுமனே உட்கார்ந்திருந்தார். தனக்குத் தானே வாதாடினார். பாக்டீரியா பொய் இல்லை. தட்டில் வளையம் விழுகிறது. நொதி பொய் இல்லை. ஜெல்லில் கோடு இருக்கிறது. ஒரே ஒரு எண்தான். சூட்டு அத்தியாயத்தை எடுத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பட்டம் வாங்கிய பிறகு மறுபடி செய்து, சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

லூர்து கழுவிய குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கினார். அடுக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன லூர்து?"

"ஒண்ணுமில்ல சார். மூணு நாளா மாடி ஏறுனா மூச்சு வாங்குது."

"டாக்டரைப் பார்க்க வேண்டியதுதானே?"

"டாக்டர்தான் மாத்திரைய நிறுத்தச் சொன்னாரு. பதினோரு நாளாச்சு. அடுத்த மாசம் பொடி தருவாராம்." லூர்து சிரித்தார். "அந்தப் பதினாறு பேர்ல நானும் ஒருத்தன் சார். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். எம்பேத்தி கொடுத்த பூச்சி, நீங்க கண்டுபிடிச்ச மருந்து. நான் குடிக்காம யாரு குடிக்க?"

லூர்துவின் அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனவர். அது சிவசைலத்துக்குத் தெரியும். அடக்கத்துக்கு அவரும் போயிருந்தார். லூர்துக்கு இப்போது ஐம்பத்தொன்று.

"உட்காருங்க லூர்து."

"இருக்கட்டும் சார். ரெண்டு கூடை கெடக்கு."

லூர்து போனார். அவர் நடந்து போவதையே சிவசைலம் பார்த்துக்கொண்டிருந்தார். நடை சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து நசீமாவின் அறைக்குப் போனார். உள்ளே நுழையும்வரை என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்குத் தெரியவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்."

நசீமா எழுதிக்கொண்டிருந்தார். "கேளுங்க சார்."

"சொல்ற விஷயம் உண்மை. அதுல ஒரு எண் மட்டும் முன்னபின்ன இருக்கு. அப்ப அந்த விஷயம் பொய்யாயிடுமா?"

"எவ்வளவு முன்னபின்ன?"

சிவசைலம் திரும்பிக் கதவைச் சாத்தினார்.

"சார். எவ்வளவு?"

"எவ்வளவுன்னே தெரியலை மேடம்."

நசீமா பேனாவை மூடினார்.

சிவசைலம் சொன்னார். நின்றுகொண்டேதான் சொன்னார். சவ்வுப் பை, பஸ், பழைய பிளாங்க், தொண்ணூறு டிகிரி, தொட்டியில் ஊற்றிய குழாய்கள். லூர்துவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நசீமா முழுவதையும் கேட்டார். முடிந்ததும் எழுந்தார்.

"காட்டுங்க."

இருவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். சிவசைலம் மறுபடி குழாய்களை வைத்தார். ஊற்றும்போது ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. நசீமா துடைத்தார். குழாய்கள் கொதிநீரில் பதினைந்து நிமிடம் இருந்தன.

எல்லாக் குழாயும் ஊதா.

நசீமா பித்த உப்பு போடாத குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது.

"மேடம், இதை நான் இப்ப யார்கிட்டச் சொல்லணும்?" சிவசைலம் கேட்டார். "கட்டுரை போட்டவங்களுக்கு எழுதணுமா? துறைத்தலைவர்கிட்டப் போகணுமா? டாக்டர்கிட்டயா? நீங்க சொல்ற ஆள்கிட்ட நான் சொல்றேன்."

நசீமா குழாயை வைத்துவிட்டு வெளியே போனார். கழுவும் இடத்திலிருந்து லூர்துவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய்த் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

லூர்து பதறினார். "நான் என்ன தப்புப் பண்ணுனேன் மேடம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. உட்காருங்க."

லூர்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையில் இருந்த ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நசீமா சிவசைலத்தைப் பார்த்தார்.

"இவர்கிட்டச் சொல்லுங்க."

சிவசைலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பதினாறு பேரின் பட்டியலை நசீமாவும் பார்த்திருக்கிறார் என்று.

அவர் லூர்துவுக்கு எதிரே வந்து நின்றார்.

"லூர்து, போன வருஷம் நான் எடுத்த நொதியோட செயல்திறன் மதிப்பீட்டுல ஒரு குறுக்கீடு..."

"அவருக்குப் புரியுற மாதிரி" என்றார் நசீமா.

சிவசைலம் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார்.

"அந்த ஊதா நிறம் இருக்குல்ல லூர்து, அது நம்ம நொதியால வரலை."

"பொறவு?"

"நான் சரியாக் கழுவாம விட்ட உப்பால வந்தது."

"எந்த உப்பு சார்?"

"பெரிய வெள்ளை டப்பாவுல இருக்குமே."

"வயலுக்குப் போடுவாங்களே, அந்த உரம் மாதிரி இருக்குமே?"

"அதேதான்."

லூர்து சிவசைலத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உரத்துக்கா சார் அந்த நிறம்?"

"ஆமா."

"நம்ம பூச்சி ஒண்ணும் செய்யலையா?"

"செய்யுது. எவ்வளவு செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. நான் எழுதுன அளவுக்குச் செய்யலை."

"அப்ப நான் மாத்திரைய நிறுத்துனது?"

சிவசைலம் நசீமாவைப் பார்த்தார். நசீமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து உதவி வராது என்பது தெரிந்தது.

"மறுபடி போடுங்க லூர்து. இன்னைக்கே டாக்டரைப் பார்த்துக் கேட்டுட்டுப் போடுங்க. நானும் கூட வரேன்."

லூர்து தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழம்பியவர்போலக் கேட்டார்.

"நீங்க பார்த்துட்டுத்தானே சார் எழுதுனீங்க?"

"பார்க்கலை."

நான்கு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் முதல் தடவையாகச் சொன்னார்.

லூர்து மெதுவாக எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "போவோமா சார்?" என்றார்.

*

டாக்டர் அன்றே லூர்துவைப் பரிசோதித்தார். இதயத்தில் கோளாறு இல்லை. மூச்சு வாங்கியதற்கும் மாத்திரையை நிறுத்தியதற்கும் சம்பந்தமே இல்லை, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார். சிவசைலம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மற்ற பதினைந்து பேரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து மாத்திரையைத் தொடரச் சொன்னார் டாக்டர். பிறகு நசீமாவை அழைத்தார். ஏழு மாத உழைப்பு போனதைச் சொன்னார். அவர் பேசிய மற்ற சொற்களை நசீமா யாரிடமும் சொல்லவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் எழுதினார்கள். அதை எழுதிக்கொண்டு வந்தபோது சிவசைலம் தவறு முழுவதும் தன்னுடையது என்று எழுதியிருந்தார். நசீமா படித்துவிட்டு ஒரு வரி சேர்த்தார். பிளாங்க் எண்ணைச் சரிபார்க்காமல் தானும் நோட்டில் கையெழுத்திட்டதாக எழுதி, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

துறைத்தலைவர் நசீமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஒரு திருத்தம் போட்டா முடிஞ்சுபோற விஷயம். அதை ஏன் இப்படி ஊர் சிரிக்க வைக்கிறீங்க?" என்றார்.

"திருத்திப் போட எங்ககிட்ட எண் எதுவும் இல்லை சார்" என்றார் நசீமா.

அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

சிவசைலம் வெள்ளிக்கிழமை தீசிஸ் கொடுக்கவில்லை. ஒரு வருட அவகாசம் கிடைத்தது. கல்லூரி அவரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக்கியது. அவரிடம் படித்த ஒரு பெண் அவருடைய வகுப்புகளை எடுத்தாள். தாழ்வாரத்தில் எதிரே வரும்போது அவள் சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

பாக்டீரியாவை மறுபடி வளர்த்தார். மறுபடி உடைத்தார். குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக வடித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பித்த உப்பு போடாத குழாயை முதலில் வைத்தார். தண்ணீரை மூன்று தடவை மாற்றினார். அதைப் பார்க்க நசீமா வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை.

முதல் முறை நொதி செத்துப்போனது. இரண்டாம் முறையும் செத்தது. மூன்றாம் முறை பாதி வழியிலேயே போனது.

"காத்துப் பட்டாச் சாகுதுன்னு நினைக்கிறேன் மேடம்" என்றார் சிவசைலம்.

"நினைக்கிறீங்களா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்."

பார்த்தார். காற்றுப் பட்டால்தான் செத்தது. காற்றால் கெடாமல் காக்கும் ஒரு மருந்தைக் கரைசலில் சேர்த்தார். நான்காம் முறை கடைசிக் குழாய்வரை அது உயிரோடு வந்தது.

லூர்து மூன்று மாதம் அவரிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசாமல் இருந்தார். குழாய்களைக் கழுவி வைப்பார், போவார். அன்று காலை குழாய் அடுக்கை வைத்துவிட்டு நின்றார்.

"இன்னைக்காவது நிறம் வந்துச்சா சார்?"

சிவசைலம் குழாயைக் காட்டினார். கத்தரிப்பூ நிறம். வெளிர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது.

"இம்புட்டுதானா?"

"இவ்வளவுதான் லூர்து."

"உரம் போடாம வந்ததா?"

"பக்கத்துல இருக்கறதைப் பாருங்க."

பக்கத்தில் பித்த உப்பு போடாத குழாய் தெளிந்த தண்ணீராக நின்றது. லூர்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொடி எப்ப வந்தாலும் நான் குடிப்பேன் சார்" என்றார். "ஆனா மொதல்ல நீங்க குடிக்கணும்."

சிவசைலம் சிரிக்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

நூற்று நாற்பது மடங்கு அல்ல, பதினொரு மடங்கு. தொடக்கத்தில் இருந்த நொதியில் நூற்றுக்கு நான்கு பங்குதான் கடைசியில் மிஞ்சியது. நாற்பது டிகிரியில் நன்றாக வேலை செய்தது. அறுபதில் செத்தது. தொண்ணூறில் நிறமே வரவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் தீசிஸைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"மத்தவங்க ஐம்பது, நூறுன்னு எடுத்திருக்காங்க. உங்களுக்குப் பதினொண்ணுதானா?"

அரங்கில் இருந்தவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். திரும்பப் பெற்ற கட்டுரையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நசீமா முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கிடைச்சது பதினொண்ணுதான் சார்" என்றார் சிவசைலம். "முன்ன ஒரு தடவை நூத்து நாற்பதுன்னு எழுதினேன். அது தப்பு. எப்படித் தப்பாச்சுன்னு ஏழாம் அத்தியாயத்துல இருக்கு."

பேராசிரியர் ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தார். அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த நாற்பது நிமிடமும் அவர் அதைப் பற்றியே கேட்டார். கேள்விகள் கடுமையாக இருந்தன. சிவசைலத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

பட்டம் கொடுத்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு சிவசைலம் நசீமாவின் அறைக்குப் போனார். மழை வரும்போல் இருந்தது. நசீமா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"கிளம்பிட்டீங்களா சார்?"

"கிளம்பணும் மேடம். ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"ஒரு வருஷமா மனசுல கிடக்கு. அன்னைக்கு நான் உங்க அறைக்கு வராம இருந்திருந்தா, அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்துட்டு வெள்ளிக்கிழமை தீசிஸைக் கொடுத்திருந்தா..." அவர் நிறுத்தினார். "நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்கதானே மேடம்?"

நசீமா கடைசி ஜன்னலின் கொக்கியைப் போட்டார். அவரும் அதை முன்பே யோசித்துப் பார்த்திருக்கிறார் என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

"இல்லை சார்" என்றார். "கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

நசீமா திரும்பி அவரைப் பார்த்தார்.

"நான் மட்டுமில்லை. யாருமே கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க."